பொருந்தாதவற்றை மறை

"பெட்டி என்ன, உன்னைக் கடிக்கவா போகுது?" என்று மாமா ஒரு நாள் அவளைக் கேட்டார்.

பள்ளிக்கூடத்தைப் பாதியில் விட்டுவிட்டு வீட்டுக்குள்ளேயே அடைந்து கிடந்தவளை, அம்மாவின் தம்பியான அவர் தன்னுடைய கம்ப்யூட்டர் சர்வீஸ் கடைக்குக் கூட்டிவந்த முதல் நாள் அது. மூடி கழற்றிய ஒரு சர்வருக்கு முன்னால் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றிருந்தாள். கடிக்காது என்று அவளுக்குத் தெரியும். அதைச் சொல்லத்தான் வாய் வரவில்லை. தலையை ஆட்டினாள். அது ஆமாமா இல்லையா என்று மாமாவுக்கு விளங்கவில்லை.

"சரியாப் போச்சு. அக்கா எனக்கு ஒரு பூனையை அனுப்பி வெச்சிருக்கா. வர்றதும் தெரியாது, போறதும் தெரியாது."

அன்றிலிருந்து கடையில் அவள் பெயர் பூனை. மூன்று வருஷம் ஆகிவிட்டது. வேலையெல்லாம் கற்றுக்கொண்டாள். பேசத்தான் கற்றுக்கொள்ளவில்லை. சொல்ல வேண்டியதைச் சீட்டில் எழுதி மாமாவின் மேஜையில் வைத்துவிடுவாள்.

அந்தப் பிற்பகல் அவர்கள் இருவரும் ஒரு புற்றுநோய் மருத்துவமனையின் அடித்தளத்தில் இருந்தார்கள். கதிர்வீச்சு கொடுக்கும் பெரிய இயந்திரத்தின் அறைக்கு அடுத்தாற்போல் ஒரு கட்டில் மட்டுமே போடக்கூடிய அகலத்தில் சர்வர் அறை. ஏசியின் குளிர் தரையிலிருந்து முழங்கால்வரை ஏறியது. இரண்டு நாளுக்கு முன்னால் மின்சாரம் தாறுமாறாக வந்ததில் பழைய சர்வர் கருகிப்போயிருந்தது. நல்லவேளை, அதிலிருந்த இரண்டு டிஸ்க்குகளுக்கு ஒன்றும் ஆகவில்லை. நாற்பத்து மூன்று நோயாளிகளின் சிகிச்சைத் திட்டங்கள் அவற்றில்தான் இருந்தன. யாருக்கு, உடம்பில் எந்த இடத்தில், எந்தக் கோணத்தில், எவ்வளவு கதிர் என்பதெல்லாம். ஒருவருக்கு அதைத் தயாரிக்கவே ஒரு வாரம் பிடிக்கும். அது போனால் நாற்பத்து மூன்று பேரும் மறுபடி முதலிலிருந்து.

"அந்த வியாதி நமக்காக ஒரு வாரம் உக்காந்திருக்காது," என்று காலையிலேயே மருத்துவமனை மேலாளர் சொல்லியிருந்தார். ஐம்பது வயதுப் பெண்மணி. குரலை உயர்த்த மாட்டார். பேசி முடித்ததும் கைக்கடிகாரத்தைப் பார்ப்பார், அவ்வளவுதான்.

புதிய சர்வரில் நான்கு டிஸ்க்குகள், எல்லாம் ஒரே அளவு. பழைய இரண்டும் மேலே, புதிய இரண்டும் கீழே. செருகியது பூனைதான். மேல் தட்டின் ஓரத்தில் கடுகளவுக்கு ஒரு பூஜ்யம் பொறித்திருந்ததைக்கூடப் பார்த்தாள். புதிய டிஸ்க்குகளில்தான் சர்வரின் இயங்குதளத்தைப் போட வேண்டும். அதுவரை பழையதைக் கழற்றி வைத்துவிடலாமே என்று அவளுக்குத் தோன்றியது. கேட்க வாயெடுப்பதற்குள் மாமா முந்திக்கொண்டார்.

"எல்லாத்தையும் ஒரேடியாப் போட்டுடு. ஒரு வேலையை ரெண்டு தடவை செய்யணும்னு வேண்டுதலா என்ன?"

போட்டுவிட்டாள்.

இன்ஸ்டால் ஆரம்பித்தது. மொழி கேட்டது, நேரம் கேட்டது, எல்லாவற்றுக்கும் மாமா கண்ணை மூடிக்கொண்டு பதில் தட்டினார். எந்த டிஸ்க்கில் போடட்டும் என்று கேட்கும் திரை வந்ததும் நின்றுவிட்டது. பட்டியலில் ஒன்றுமே இல்லை. டிரைவர் எதுவும் கிடைக்கவில்லை என்று ஒரு வரி மட்டும்.

பூனைக்கு இது புதிதில்லை. டிஸ்க்குகளுக்கும் சர்வருக்கும் நடுவே ஒரு கார்டு இருக்கிறது. அந்தக் கார்டின் பாஷை இயங்குதளத்துக்குப் புரிய வேண்டுமானால் அதற்கென்றே எழுதிய டிரைவர் என்ற சின்ன மென்பொருளைக் கொடுக்க வேண்டும். இல்லையென்றால் நான்கு டிஸ்க்கும் மூக்குக்கு நேரே இருந்தாலும் அதன் கண்ணுக்குத் தெரியாது.

மாமா தன் பென் டிரைவைச் செருகித் தேடச் சொன்னார். பொருந்துவது எதுவும் இல்லை என்றது. இன்னொரு முறை தேடச் சொன்னார். அதே பதில். மேலாளர் கடிகாரத்தைப் பார்த்தார்.

"பூனை, போய் என் பையை எடுத்துட்டு வா. வெளியில பெஞ்சுமேல இருக்கு."

வெளியே நடைபாதையில் சக்கர நாற்காலியில் ஒரு மனிதர், பக்கத்தில் அவர் மனைவி. அந்த அம்மாள் பூனையின் கையைப் பிடித்து நிறுத்தினாள்.

"என்னம்மா சொல்றாங்க உள்ள?"

"டிரைவர் கிடைக்கலை," என்றாள் பூனை, யாருக்கும் கேட்காத குரலில்.

"அதுக்கா ரெண்டு நாளா நிறுத்தி வெச்சிருக்கீங்க? ஒருத்தர் வரலைன்னா வேற ஆளை வெச்சு ஓட்ட வேண்டியதுதானே. ஏன், இவரே முப்பது வருஷம் லாரி ஓட்டினவருதான்."

"நான் ஓட்டினா இவளே ஏற மாட்டா," என்றார் நாற்காலிக்காரர். "நீ கேளு, இன்னிக்குவரைக்கும் ஏறினதில்லை."

"ஏறி என்ன, உங்க பாட்டைக் கேக்கணுமா?"

பூனைக்குச் சிரிப்பு வந்தது. அந்த அம்மாளும் சிரித்தாள். பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டாள். "இருபத்தஞ்சு தடவைல பதினாறு முடிஞ்சிருக்கு. நடுவுல நிறுத்தவே கூடாதுன்னு டாக்டர் சொல்லியிருந்தாரு. நாளைக்கு நடந்துடும்ல கண்ணு?"

பூனை தலையை ஆட்டினாள். இந்த முறை யாருக்கும் சந்தேகம் வராத ஆமாம். பையைத் தூக்கிக்கொண்டு திரும்பியபோது, ஏன் அப்படி ஆட்டினோம் என்று அவளுக்கே பகீரென்றது.

உள்ளே மாமா உற்சாகமாக இருந்தார். டிரைவர் தேடும் திரையின் அடியில் ஒரு சின்னக் கட்டம் உண்டு. இந்தச் சர்வருக்குப் பொருந்தாதவற்றை மறை என்று அதற்குப் பக்கத்தில் எழுதியிருக்கும், கட்டத்தில் எப்போதும் ஒரு டிக் இருக்கும். மாமா அந்த டிக்கை எடுத்துவிட்டிருந்தார். எடுத்ததும் பென் டிரைவிலிருந்த நாற்பது டிரைவர்களும் சந்தைக்கு வந்த மாதிரி வரிசையாக வந்து நின்றன.

"எவனோ கட்டம் போட்டு வெச்சிருக்கான்னு பயந்தா பொழைப்பு நடக்குமா?" அவர் விரல் ஒரு வரியில் நின்றது. "நம்ம கார்டு நம்பர் ஏழுல முடியுது. இது ஆறுல முடியுது. அண்ணன் தம்பிதான். குரல் கொஞ்சம் மாறும், பாஷை ஒண்ணுதான்."

பச்சைக் கோடு மெல்ல நகர்ந்தது. பாதியில் ஒரு கணம் நின்று, பிறகு ஓடி முடிந்தது. பட்டியலில் நான்கு வரிகள் வந்தன. டிஸ்க் 0, காலி. டிஸ்க் 1, காலி. டிஸ்க் 2, காலி. டிஸ்க் 3, காலி.

"பாத்தீங்களா மேடம்," என்றார் மாமா. "இனி அரை மணி நேரம்."

மேலாளர் முதல் முறையாக நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்தார்.

பூனை அந்த நான்கு வரிகளையும் மறுபடி எண்ணினாள். நான்கு வரக் கூடாது. பழைய இரண்டு டிஸ்க்குகளையும் இடம் போதவில்லை என்று ஒரு காலத்தில் மாமாதான் ஒன்றாக ஒட்டிவைத்தார். எதை எழுதினாலும் பாதி இதில், பாதி அதில். கார்டு அவற்றை எப்போதும் ஒரே டிஸ்க்காகத்தான் காட்டும். புதிய இரண்டையும் காலையில் அப்படியே ஒன்றாக்கியிருந்தார்கள். ஒன்றில் கைவைத்தால் இரண்டும் போச்சு. சரி, நான்காகவே காட்டட்டும். நான்கும் எப்படிக் காலியாக இருக்கும்? காலையில் அவள் கையால் செருகியதில் நாற்பத்து மூன்று பேர் இருந்தார்களே.

சற்று முன்னால் பட்டியல் வெறுமையாக இருந்தபோது அந்தத் திரை உண்மையைத்தான் சொல்லியிருந்தது, எனக்கு ஒன்றும் தெரியவில்லை என்று. இப்போது அரைகுறையாகத் தெரிந்துகொண்டு, படிக்க முடியாததையெல்லாம் காலி என்கிறது.

"இதுல எது மாமா புதுசு?" என்று கேட்டாள். குரல் விசிறிச் சத்தத்தில் கரைந்துபோனது.

"என்ன?"

"எது... புதுசு?"

"கீழேருந்துதான் எண்ணுவாங்க. பூஜ்யம் புதுசு."

மேலாளர் நிமிர்ந்தார். "நிச்சயமாத் தெரியுமா?"

"அப்படியே தப்பாப் போனாலும் பேக்கப் இருக்கு மேடம். மாசா மாசம் பாக்கறோம். இதோ இவதான் பாக்கறா."

மேலாளர் பூனையைப் பார்த்தார். பூனை தரையைப் பார்த்தாள்.

மாதாமாதம் அவள்தான் பார்த்தாள். நான்கு மாதத்துக்கு முன்னால் இந்த மருத்துவமனையின் பேக்கப் பெட்டியில் சிவப்பு விளக்கு எரிந்தது. எதுவும் நகல் ஆகவில்லை. அன்றைக்கே சீட்டில் எழுதி மாமாவின் மேஜையில் வைத்தாள். மறுநாள் அந்தச் சீட்டின்மேல் அவருடைய காப்பி டம்ளர் உட்கார்ந்திருந்தது. எழுத்து வட்டமாக ஊறிப்போயிருந்தது. படித்திருப்பார் என்று நினைத்துக்கொண்டாள். படித்தாரா என்று கேட்கவில்லை. அடுத்த மாதமும் சிவப்புதான். ஏற்கெனவே சொன்னதுதானே என்று விட்டுவிட்டாள். உண்மையில் சொல்லப் பயம். ஏன் போன மாசமே வாயைத் திறந்து சொல்லலை என்று கேட்டால் என்ன பதில் சொல்வது என்ற பயம். அந்தப் பயத்திலேயே இரண்டு மாதம் மூன்றாகி நான்காகியது.

மாமா டிஸ்க் 0 வரியைத் தேர்ந்தெடுத்தார். 'புதிது' என்பதைத் தட்டினார். இந்த டிஸ்க் முழுவதும் அழிக்கப்பட்டுப் புதிதாக எழுதப்படும், தொடரட்டுமா என்று ஒரு பெட்டி எழுந்து கேட்டது.

மாமா என்று கூப்பிட்டதாகத்தான் அவள் நினைத்தாள். சத்தம் வரவில்லை. மாமாவின் சுண்டுவிரல் என்டர் விசையின் பக்கம் போனது. அவர் ஏதோ ஒரு பாட்டை முணுமுணுத்துக்கொண்டிருந்தார்.

அவள் குனிந்து சர்வரின் பின்பக்கம் கைவிட்டுக் கீபோர்டின் கேபிளைப் பிடுங்கிவிட்டாள்.

மாமா என்டரைத் தட்டினார். ஒன்றும் நடக்கவில்லை. மறுபடி தட்டினார். பிறகு திரும்பிப் பார்த்தார். கேபிள் அவள் கையில் தொங்கியது.

"என்ன பண்ற?"

"காலி இல்ல மாமா."

"என்ன காலி இல்ல? கேபிளைக் குடு."

"மேல் தட்டுலதான் பூஜ்யம் போட்டிருக்கு. நான்தான் செருகினேன். அது பழசு."

"சரி, இருக்கட்டும். பேக்கப் இருக்குல்ல. குடு."

"இல்ல."

"எது இல்ல?"

அவள் மேலாளரைப் பார்க்காமல் இருக்க முயன்றாள். "பேக்கப் இல்ல. நாலு மாசமா இல்ல. சீட்டுல எழுதி வெச்சேன். ரெண்டாம் தடவை சொல்லலை. என் தப்புதான்."

"நாலு மாசம்," என்றார் மேலாளர். அது கேள்வி மாதிரி இல்லை. மாமாவின் காது மடல் சிவந்து பிறகு வெளுத்தது. அவர் நாற்காலியைப் பின்னால் தள்ளிவிட்டு எழுந்து சுவரோடு போய் நின்றார். இந்த மூன்று வருஷத்தில் அவர் எழுந்து அவளுக்கு இடம் விட்டது அதுதான் முதல் தடவை.

"நீ இப்ப என்ன செய்யணும்னு சொல்றே?" என்று மேலாளர் அவளைக் கேட்டார்.

சொல்வதைவிடச் செய்வது சுலபமாக இருந்தது. சர்வரை அணைத்துக் கீபோர்டின் கேபிளை மறுபடி செருகினாள். மூடியைக் கழற்றி, கார்டின்மேல் ஒட்டியிருந்த எண்ணை உள்ளங்கையில் எழுதிக்கொண்டாள். மேலாளரின் அறைக்குப் போய்த் தயாரிப்பாளரின் தளத்தில் அதே எண்ணுக்கான டிரைவரைத் தேடி இறக்கி மாமாவின் பென் டிரைவில் போட்டுக்கொண்டு திரும்பினாள். மாமா அதே சுவரில் அப்படியே நின்றிருந்தார். அவர் திட்டியிருந்தால்கூடக் கொஞ்சம் மூச்சு வந்திருக்கும்.

சர்வர் எழுந்திருக்கப் பத்து நிமிஷம் எடுத்தது. அந்தப் பத்து நிமிஷமும் ஒரே எண்ணம் அவளைக் குடைந்தது. தவறான டிரைவர் ஏற்கெனவே எதையாவது எழுதித் தொலைத்திருந்தால்? கேபிளைப் பிடுங்குவதற்கு முன்னாலேயே எல்லாம் முடிந்துபோயிருந்தால்? வெளியே சக்கர நாற்காலி ஒன்று கிறீச்சிட்டுக்கொண்டு போனது. அவள் கதவுப் பக்கம் திரும்பவில்லை.

அந்தத் திரை மறுபடி வந்தது. கட்டத்தில் டிக் இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டாள். இருந்தது. தேடச் சொன்னாள். பழைய நாற்பதும் மறைந்துபோய், அவள் இறக்கிய ஒன்று மட்டும் வந்து நின்றது. அதைத் தட்டினாள்.

பச்சைக் கோடு நின்று நிதானமாக நகர்ந்தது. எங்கேயும் திக்கவில்லை.

இரண்டு வரிகள் வந்தன.

மேலாளர் எழுந்து வந்து, அவள் தோளுக்கு மேலாகக் குனிந்து சத்தமாகவே படித்தார். "டிஸ்க் பூஜ்யம். திட்டங்கள். பத்துல ஒன்பது பங்கு நிறைஞ்சிருக்கு." மூச்சை இழுத்து விட்டார். "டிஸ்க் ஒண்ணு. காலி."

மாமா சுவரைவிட்டு நகர்ந்து வந்தார். கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டு திரைக்கு ஒரு சாண் தூரத்தில் முகத்தை வைத்து முதல் வரியைப் படித்தார். மறுபடி படித்தார். சற்று முன்னால் என்டரைத் தட்டிய அந்தச் சுண்டுவிரலை மற்றக் கையால் பொத்திக்கொண்டார்.

"பழசு ரெண்டையும் கழற்றி வெச்சுட்டு இன்ஸ்டால் பண்ணிடவா மாமா?" என்று பூனை கேட்டாள். கேள்வி தெளிவாக, சத்தமாக வந்துவிட்டது. அவளுக்கே திக்கென்றது.

அவர் அவளைப் பார்த்தார். பூனை என்பார், இல்லை அக்கா பெற்ற அறிவே என்பார், எதையாவது சொல்வார் என்று அவள் கீபோர்டில் கைவைத்தபடி காத்திருந்தாள். மேலாளரும் காத்திருந்தார். மாமா கண்ணாடியைக் கழற்றிச் சட்டைப் பையில் போட்டார். தன் பையை எடுத்துத் தோளில் மாட்டினார். கதவைத் திறந்து, பெஞ்சுகளில் உட்கார்ந்திருந்தவர்கள் எல்லோரும் நிமிர்ந்து பார்க்க, அவர்களுக்கு நடுவே யார் முகத்தையும் பார்க்காமல் படிக்கட்டை நோக்கி நடந்து போனார்.