தொங்கிய பாக்கெட்

பல்லைப் பிடுங்குவதில் டாக்டரம்மாவை அடித்துக்கொள்ள அந்தத் தெருவில் ஆளே கிடையாது. அந்தக் கைராசியை நம்பித்தான் தையல்கார அக்கா மறுபடியும் வந்து நாற்காலியில் சாய்ந்திருந்தாள். போன மாதம் இதே வலிக்கு, இதே பக்கத்தில், ஒரு கடைவாய்ப் பல்லைக் கொடுத்துவிட்டுப் போனவள்.

"அதை எடுத்தீங்க, வலி பக்கத்துப் பல்லுக்குக் குடி போயிடுச்சு டாக்டரம்மா. மெஷின்ல உட்கார முடியல. இதையும் எடுத்துடுங்க, சனியன் விட்டுதுன்னு இருப்பேன்."

டாக்டரம்மா வாய்க்குள் விட்டுப் பார்க்கும் கண்ணாடியின் பிடியால் அந்தப் பல்லைத் தட்டினாள். அக்கா முகம் சுளிக்கவில்லை. எக்ஸ்ரேயிலும் பல்லில் ஒரு குறையும் இல்லை. போன தடவையும் இதே கதைதான்; அந்தப் பல்லில் பழைய சிமெண்ட் அடைப்பு ஒன்று இருந்ததால் பழியை அதன் தலையில் போட்டாயிற்று. இப்போது அதற்கும் வழியில்லை. வலிக்கிறதென்று அவளே சொல்கிறாளே, இன்னும் என்ன யோசனை! மரத்துப்போகும் ஊசியைக் கையில் எடுத்தாள்.

"ஐயோ, உங்க கோட்டுப் பாக்கெட் கிழிஞ்சு தொங்குது பாருங்க! நில்லுங்க, ரெண்டு தையல் போட்டுடறேன்."

சொன்னால் கேட்கிற ஆளா அக்கா? நிமிர்ந்து உட்கார்ந்து, பையிலிருந்து குண்டூசிகளை எடுத்துப் பல்லுக்கிடையில் கவ்விக்கொண்டு தைக்கத் தொடங்கினாள். டாக்டரம்மா சும்மா குனிந்து பார்த்தாள். அக்காவின் காதுக்குக் கீழே, கன்னத்துச் சதை உருண்டு திரண்டு இறுகியிருந்தது.

டாக்டரம்மா மரத்துப்போகும் ஊசியைத் தட்டில் வைத்தாள்.

கல்லூரியில் தாடை மூட்டுக்கென்று ஒரே ஒரு வகுப்பு, அதுவும் சாப்பாட்டுக்குப் பிறகு. பரீட்சைக்கு வராது என்று வேறு சொல்லிவிட்டார்கள். அப்புறம் யார் விழித்திருப்பது?

"அக்கா, ஊசியைத் துப்புங்க. வாயை மெதுவாத் திறங்க."

இரண்டு காதுக்கும் முன்னால் விரல் வைத்தாள். தாடை ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டு போய் டொக்கென்றது. இறுகிய சதையை அழுத்தியதும் அக்கா துள்ளினாள்.

"அதேதான்! அதே பல்லு வலி!"

"பல்லுல ஒண்ணுமில்லக்கா. நாள் முழுக்க ஊசியைக் கவ்விக் கவ்வித் தாடை மூட்டும் சதையும் அசந்துபோயிருக்கு. அந்த வலிதான் பல்லுல தெரியுது. வெந்நீர் ஒத்தடம் குடுங்க, கொஞ்ச நாள் மெத்துனு சாப்பிடுங்க. இனிமே ஊசி வாய்க்குப் போகக் கூடாது. இந்தப் பல்லை எடுக்க வேண்டாம்."

அதோடு நிறுத்தியிருக்கலாம். அக்கா கும்பிட்டுவிட்டுப் போயிருப்பாள். ஆனால் டாக்டரம்மா நிறுத்தவில்லை.

"போன மாசம் எடுத்ததும் நல்ல பல்லுதான்க்கா. நான் சரியாப் பார்க்கல. தப்பு என்னுது."

அக்காவின் நாக்கு அந்தக் காலியிடத்தைத் தடவிப் பார்த்தது.

"துணியைத் தப்பா வெட்டிட்டா நான் வேற துணி வாங்கிக் குடுத்துடுவேன். நீங்க என்ன பண்ணுவீங்க?"

"பொய்ப் பல்லு கட்டித் தர்றேன். அந்தப் பல்லைத் தர முடியாதுக்கா."

அக்கா பாதியில் நின்ற பாக்கெட்டைப் பார்த்தாள். குண்டூசிகளை அள்ளி வாய்க்குக் கொண்டுபோனவள், நடுவழியில் நிறுத்தி, டாக்டரம்மாவின் உள்ளங்கையில் கொட்டினாள்.

"இதைப் பிடிச்சுக்கிட்டு ஆடாம நில்லுங்க. இதுலயாவது அவசரப்படாம இருங்க."

டாக்டரம்மா கண் கலங்க, கையை நீட்டியபடி ஆடாமல் நின்றாள்.