தேவைப்பட்டால் மூன்றாவது ஆட்டம்

கூடைப்பந்து லீக் அலுவலகத்தில் அவளை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. விதியக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். தேசிய லீக்கின் விதிக் கையேட்டைப் பதினாறு வருடமாகத் தொகுத்து, தட்டச்சு செய்து, பிழை பார்த்து, அச்சுக்கு அனுப்புகிறவள் அவள்தான். தோற்றுப்போன அணிக்காரர்கள் அவள் மேசையைக் கடக்கும்போது, "எல்லாம் விதி" என்று பெருமூச்சு விடுவார்கள். அவளும் தலை நிமிராமல், "எத்தனாவது விதி?" என்று கேட்பாள். இதே பதிலைப் பதினாறு வருடமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறாள். முதல் வருடம் சிரித்தார்கள்.

இத்தனைக்கும் அவள் வாழ்க்கையில் பந்தைத் தொட்டது ஒரே ஒரு தடவை. தொட்டாள் என்றுகூடச் சொல்ல முடியாது. பந்துதான் வந்து அவள் மூக்குக்கண்ணாடியைத் தொட்டது. ஆனால் பிளே-ஆஃப் என்று வந்துவிட்டால் அவளிடம்தான் வரவேண்டும். லீக் ஆட்டங்கள் முடிந்ததும் முதல் நான்கு அணிகள் கோப்பைக்காக மோதிக்கொள்ளும் அந்தக் கடைசிச் சுற்று, எந்த வருடம் எந்த முறையில் நடந்தது என்று தூக்கத்தில் தட்டி எழுப்பிக் கேட்டாலும் சொல்லுவாள். இதுவரை யாரும் எழுப்பிக் கேட்டதில்லை என்பது அவளுக்கு ஒரு குறைதான்.

கையேட்டின் கடைசியில் 'பிளே-ஆஃப் வரலாறு' என்று இரண்டு பக்கம் வரும். அதில் ஒவ்வொரு மாற்றத்துக்கும் பக்கத்தில், 'ஆட்டத்தின் தரத்தை உயர்த்தும் பொருட்டு' என்று எழுதியிருப்பாள். உண்மையில் அந்த வருடம் யார் அழுதார்கள் என்பதுதான் வரலாறு.

முதல் வருடம் பிளே-ஆஃபே கிடையாது. பட்டியலில் முதலில் நின்ற அணிக்குக் கோப்பை. கோப்பை யாருக்கு என்பது மூன்று வாரம் முன்னாலேயே முடிவாகிவிட்டதால், கடைசி ஆட்டங்களுக்கு நடுவர்களே அரைமனதாகத்தான் வந்தார்கள். அடுத்த வருடம் அரையிறுதி, ஒரே ஆட்டம் என்று வைத்தார்கள். முதலிடத்தில் இருந்த தபால் அணி நாலாமிடத்து அணியிடம் ஒரு புள்ளியில் தோற்றது. தபால் அணியின் நிர்வாகத் தலைவர் மைக்கைப் பிடித்துக்கொண்டு அழுதார். உடனே மாற்றினார்கள்: முதலிடத்து அணி ஆடாமலே ஒரு வெற்றியோடு தொடங்கும். அதற்கு மற்ற மூன்று தலைவர்களும் ஒன்றாக அழுதார்கள். அதன் பிறகு இரண்டு ஆட்டம், இரண்டின் புள்ளிகளையும் கூட்டிப் பார்ப்பது என்று வந்தது. அதில் முதல் ஆட்டமே சமனில் முடிந்தது. கூட்டம் எழுந்து போக மறுத்தது. "சமன்னு சொல்லி அனுப்பறதுக்கு இது என்ன கால்பந்தா?" என்று ஒருவர் அறிவிப்பாளரின் சட்டையைப் பிடித்துவிட்டார். ஆனாலும் அந்த முறை பல வருடம் ஓடியது.

இந்த வருடம்தான் குழு கூடி, அரையிறுதிக்கு மூன்று ஆட்டம், இரண்டு ஜெயித்தவர் இறுதிக்கு என்று முடிவு செய்தது. விதியக்கா கூட்டக் குறிப்பில் எழுதிக்கொண்டாள்: 'அரையிறுதி 3 (தே.ப.)'. தே.ப. என்றால் தேவைப்பட்டால். ஒரே அணி முதல் இரண்டையும் ஜெயித்துவிட்டால் மூன்றாவது தேவையில்லை அல்லவா? அதற்காக.

பிறகு போன வருடக் கையேட்டின் கணினிக் கோப்பைத் திறந்து பதினாலாம் விதியைத் திருத்தினாள். 'அரையிறுதி மூன்று ஆட்டங்கள் கொண்டது. மூன்றாவது ஆட்டம், தேவைப்பட்டால், புள்ளிப்பட்டியலில் முன்னிற்கும் அணியின் மைதானத்தில் நடைபெறும்.' அழகாக வந்திருந்தது. 'புள்ளிப்பட்டியல்' என்று சேர்த்து எழுதுவதா, 'புள்ளிப் பட்டியல்' என்று பிரித்து எழுதுவதா என்பதில்தான் சிக்கிக்கொண்டாள். அரைமணி நேரம் சேர்த்தாள், பிரித்தாள், நடுவில் இருக்கும் 'ப்' விழாமல் பார்த்துக்கொண்டாள். அந்தப் பக்கம் அதோடு முடிந்தது. அடுத்த பக்கத்தின் தலையில் போன வருடத்து வரி ஒன்று ஆடாமல் அசையாமல் உட்கார்ந்திருந்தது: 'இரு அணிகளும் ஆளுக்கொரு ஆட்டம் வென்றிருந்தால், அவ்விரண்டு ஆட்டங்களின் மொத்தப் புள்ளிகளில் முந்திய அணி இறுதிப் போட்டிக்குச் செல்லும்.'

ஒரு 'ப்'பைக் காப்பாற்றப் போய் ஒரு முழு வரியைக் கோட்டை விட்டிருந்தாள். கையேடு அச்சாகி, எட்டு அணிகளுக்கும் போய், ஏழு மாதம் யார் கண்ணிலும் படவில்லை. கையேட்டை யாரும் படிப்பதில்லை என்று அவளுக்கு எப்போதும் ஒரு வருத்தம் உண்டு. அந்த வருத்தம் ஒரு திங்கட்கிழமை காலை தீர்ந்தது.

அன்று அலுவலகத்துக்குள் நுழையும்போதே செயலாளர் தன் அறை வாசலில் நின்றுகொண்டிருந்தார். நல்ல மனிதர், தீர்ப்புச் சொல்ல வேண்டிய நாளில் மட்டும் அவருக்கு வயிறு சரியிருக்காது.

"விதியக்கா, கொஞ்சம் உள்ள வாங்க. புத்தகத்தையும் எடுத்துக்குங்க."

உள்ளே இரண்டு பேர் முகத்தைத் திருப்பிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். ஒருவர் துறைமுக அணியின் மேனேஜர், இன்னொருவர் வங்கி அணியின் கோச். அரையிறுதியில் மோதிய அணிகள். முதல் ஆட்டத்தில் துறைமுகம் பத்தொன்பது புள்ளியில் ஜெயித்தது. சனிக்கிழமை இரண்டாவது ஆட்டத்தில் வங்கி நாலு புள்ளியில் ஜெயித்தது. ஆளுக்கொன்று. புதன்கிழமை வங்கி மைதானத்தில் மூன்றாவது ஆட்டம் என்று எல்லோரும் நினைத்துக்கொண்டிருந்தார்கள், துறைமுக மேனேஜர் ஞாயிற்றுக்கிழமை பொழுது போகாமல் கையேட்டைப் புரட்டும்வரை.

"ரெண்டாட்டத்தையும் கூட்டினா நாங்க பதினஞ்சு புள்ளி முன்னால. அப்ப இறுதிக்கு நாங்கதான். தெளிவா எழுதியிருக்கு" என்றார் மேனேஜர்.

"அப்புறம் மூணாவது ஆட்டம்னு எதுக்குய்யா போட்டிருக்கு? அழகுக்கா?" என்றார் கோச்.

"தேவைப்பட்டால்னு போட்டிருக்கு. கூட்டினாலும் சமனா வந்தா தேவைப்படும். இப்ப தேவைப்படல."

விதியக்கா அந்த வரியைப் பார்த்தாள். மேனேஜர் சொன்னதில் ஒரு ஓட்டை இல்லை. தெரியாமல் செய்த தப்பைக்கூட இவ்வளவு இலக்கண சுத்தமாகச் செய்திருக்கிறோமே என்று ஒரு கணம் பெருமையாகக்கூட இருந்தது.

"குழு என்ன முடிவு பண்ணுச்சுன்னு எனக்கு ஞாபகம் இல்ல. நாலு முறை பேசினோம். நீங்க சொல்லுங்க விதியக்கா, எது சரி?" என்று செயலாளர் வயிற்றைத் தடவிக்கொண்டு கேட்டார்.

அவள் வாயைத் திறந்தாள். "புத்தகத்துல என்ன இருக்கோ அதுதான் சார் விதி" என்றாள்.

பொய் இல்லை. ஆனால் உண்மையும் இல்லை. பொய் சொல்லத் துணிச்சல் இல்லாதவர்கள் சொல்லும் உண்மை அது.

"நாலு மணிக்குச் சொல்றேன்" என்று செயலாளர் எழுந்துகொண்டார். வெளியே வரும்போது கோச் அவள் காதில் விழும்படியே சொன்னார்: "துறைமுக கேப்டன் யாரோட தம்பி? ஊருக்கே தெரியும்."

அதுதான் விஷயம். துறைமுக அணியின் கேப்டன் அவள் கூடப்பிறந்த தம்பி. துறைமுகத்தில் கிரேன் ஓட்டுகிறவன். முப்பத்தேழு வயது. பதினொரு சீசனில் ஒரு தடவைகூட இறுதிப் போட்டி பார்க்காதவன். வலது முழங்கால் எப்போதோ விடைபெற்றுக்கொண்டுவிட்டது. இந்த வருடத்தோடு நிறுத்தச் சொல்லி டாக்டர் எழுதியே கொடுத்துவிட்டார். அவன் அக்கா என்பதற்காகவே அவள் அந்த அணியிடம் கூடுதல் கெடுபிடி. சட்டை எண் அரை அங்குலம் சின்னதாக இருக்கிறது என்று ஒரு தடவை பன்னிரண்டு பேரையும் சட்டை மாற்ற வைத்தவள்.

மத்தியானம் சாப்பிட வீட்டுக்குப் போனாள். தம்பி நாற்காலியில் காலை நீட்டி, முழங்காலில் ஐஸ் பையை வைத்துக்கொண்டு, முகமெல்லாம் பல்லாக உட்கார்ந்திருந்தான். மேனேஜர் போன் பண்ணிவிட்டிருந்தார்.

"அக்கா, உட்காரு. நானே சோறு போடறேன்."

பத்து வருடத்தில் அவன் சோறு போட்டதே இல்லை. அவளுக்குப் பயமாகிவிட்டது.

"என்னடா?"

"ஒண்ணும் கேக்க மாட்டேன். யார்கிட்டயும் சொல்லவும் மாட்டேன்." குரலைத் தாழ்த்தினான். "எனக்காகத்தான அந்த வரிய விட்டு வெச்ச? பத்தொம்பது புள்ளில ஜெயிச்சிட்டு நாலுல தோப்பான், அவன் லட்சணம் எனக்குத் தெரியும்னு கணக்குப் போட்டுத்தான? பேசாம இருந்தே எவ்வளவு பெரிய வேலை பண்ணியிருக்க!"

அவன் கண் கலங்கியிருந்தது. தன்னைத் திருடி என்று நினைத்து ஒருவன் இப்படி உருகுவான் என்று அவள் எதிர்பார்க்கவில்லை. அதைவிட எதிர்பாராதது, அவளுக்கு அது பிடித்திருந்தது. ஏழு மாதம் முன்னாலேயே திட்டம் போட்டு, ஒரே வரியில் லீக்கைக் கவிழ்த்த கைகாரி! திருடி என்றால்கூட அதில் ஒரு கெட்டிக்காரத்தனம் இருக்கிறது. கவனக்குறைவு என்றால் என்ன இருக்கிறது? காலையிலிருந்து தன் வாயைக் கட்டிப்போட்டது தம்பிப் பாசம் என்று நினைத்துக்கொண்டிருந்தாள். பாசமாவது மண்ணாவது. பதினாறு வருடம் ஒரு பிழை இல்லை என்ற பேர் போய்விடுமே என்பதுதான்.

"இல்லடா" என்றாள். "பாக்காம விட்டுட்டேன்."

"என்னது?"

"அடுத்த பக்கத்துல இருந்துச்சு. 'ப்' போடறதா வேணாமான்னு பாத்துட்டிருந்தேன். விட்டுட்டேன்."

அவன் ஐஸ் பையைக் கீழே வைத்தான். "நீயா?"

"நான்தான். மூணாவது ஆட்டம் உண்டு. குழு சொன்னது அதுதான். போய்ச் சொல்லணும்."

"எதுக்குச் சொல்லணும்? யார் கேட்டா? பதினோரு வருஷம்க்கா. உன் விதியெல்லாம் என் தலையிலதான் விடியும். சட்டைய மாத்துன்ன, மாத்தினேன். ஒரே ஒரு தப்பு எனக்குச் சாதகமா வந்தா உனக்குப் பொறுக்காதா?"

"உனக்காகத்தான் எழுதினேன்னு நீயே நினைச்ச. மத்தவங்க நினைக்க மாட்டாங்களா? கோப்பையோட நிக்கும்போது அக்கா வாங்கிக் குடுத்ததுன்னு சொன்னா நல்லாருக்குமா?"

"நல்லாத்தான் இருக்கும்!" என்று கத்தினான். கத்திய வேகத்தில் காலை மடக்கிவிட்டு, "ஆ" என்று முழங்காலைப் பிடித்துக்கொண்டான். அவள் ஐஸ் பையை எடுத்து வைக்கப் போனாள். தட்டிவிட்டான். அவன் போட்ட சோறு தட்டில் அப்படியே இருக்க, அவள் செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பினாள்.

நாலு மணிக்குச் செயலாளர் அறையில் மூன்று பேருக்கும் முன்னால் நின்று சொன்னாள். கூட்டக் குறிப்பு நோட்டைக் காட்டினாள். போன வருடக் கையேட்டைப் பக்கத்தில் வைத்து, அதே வரி, அதே முற்றுப்புள்ளி, இடம் மாறாமல் உட்கார்ந்திருப்பதைக் காட்டினாள். 'ப்' கதையைச் சொல்லாமல் விட்டிருக்கலாம். சொன்னாள்.

வங்கி கோச் சிரிக்க ஆரம்பித்தவர் நிறுத்தவேயில்லை. "நாங்க ஒரு கமா தப்பா போட்டு லெட்டர் குடுத்தா திருப்பி அனுப்புவீங்களேம்மா! இனிமே நீங்க விதியக்கா இல்ல, தலைவிதியக்கா!"

துறைமுக மேனேஜர் சிரிக்கவில்லை. "தம்பி மூஞ்சில எப்படிம்மா முழிப்பீங்க?" என்று மட்டும் கேட்டார். செயலாளருக்கு அந்த நிமிடமே வயிறு சரியாகிவிட்டது. "அப்ப மூணாவது ஆட்டம் தேவைப்படுது" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

இரண்டு நாள் தம்பி அவளோடு பேசவில்லை. புதன்கிழமை அவளே தனியாகப் பஸ் பிடித்து, மூன்று மணி நேரம் பயணம் செய்து, ஆட்டத்துக்குப் போனாள். தலைவிதியக்கா என்ற பேர் அவளுக்கு முன்னாலேயே போய்ச் சேர்ந்திருந்தது. வங்கிப் பக்கத்துக் கூட்டம் அவளைப் பார்த்ததும் எழுந்து நின்று கைதட்டியது. துறைமுகப் பக்கத்தில் காலியாக இருந்த இடத்தில் ஒரு அம்மாள் கைப்பையைத் தூக்கி வைத்தாள். விதியக்கா இரண்டு பக்கத்துக்கும் நடுவில் படிக்கட்டில் உட்கார்ந்தாள். படிக்கட்டில் பார்வையாளர் உட்காரக் கூடாது என்பது முப்பத்தோராம் விதி. அவள் எழுதியதுதான்.

தம்பி அன்று ஆடினான். ஓடினான் என்று சொல்ல முடியாது. ஓடுகிறவர்களை நிற்க வைத்து ஆடினான். ஒற்றைக் காலில் நொண்டிக்கொண்டு இருபத்திரண்டு புள்ளி எடுத்தான். கடைசி நிமிடம் ஒரு புள்ளி பின்னால், பந்து அவன் கையில், ஏழு விநாடி. மூலையிலிருந்து எறிந்தான். பந்து வளையத்தின் மேல் உட்கார்ந்து, ஒரு சுற்றுச் சுற்றி, யோசித்து, வெளியே விழுந்தது. அறுபத்தெட்டுக்கு அறுபத்தேழு. வங்கி இறுதிக்குப் போனது.

திரும்பும்போது அணி வண்டியில் ஏற அவளுக்குத் தைரியம் இல்லை. பஸ் நிறுத்தத்தில் நின்றாள். கொஞ்ச நேரத்தில் தோளில் பையோடு தம்பி நொண்டி நொண்டி வந்து பக்கத்தில் நின்றான். அணி வண்டியில் அவனுக்கு இடமில்லாமல் இல்லை.

பஸ் வந்தது. ஏறி உட்கார்ந்து, காலை நீட்ட இடம் தேடி, கடைசியில் அவள் மடியிலேயே தூக்கி வைத்துவிட்டான். பஸ் நகர்ந்ததும் ஜன்னலுக்கு வெளியே பார்த்தபடி கேட்டான்.

"நான் அழுதா அடுத்த வருஷம் முறைய மாத்துவாங்களா?"

"தலைவர் அழணும்டா. ஆட்டக்காரன் அழுதா மாத்த மாட்டாங்க."

"அடுத்த வருஷம் நான் எங்க இருக்கப் போறேன்." பையை மடியில் இழுத்து வைத்துக்கொண்டான். "சோறு வெச்சா சாப்பிடாமயே போயிட்ட."

"நீ வெச்ச சோத்துல குழம்பே இல்லடா."

அவன் சிரித்தானா, முழங்கால் வலித்ததா தெரியவில்லை. முகத்தை ஜன்னல் பக்கமே வைத்துக்கொண்டான். பிறகு, "அக்கா, மூணாட்டத்தையும் கூட்டிப் பாத்தா யாரு முன்னால?" என்றான்.

அவள் கூட்டிப் பார்க்க வேண்டிய அவசியம் இருக்கவில்லை. பந்து வெளியே விழுந்த அந்த நொடியிலேயே, படிக்கட்டில் உட்கார்ந்தபடி, கண்ணைத் துடைப்பதற்கு முன்னாலேயே கூட்டிவிட்டிருந்தாள்.

"நீங்கதான். பதினாலு புள்ளி."

"ம்" என்றான் தம்பி. "அதைப் புத்தகத்துல எங்கயாவது போட்டுத் தொலைக்காத."