மாடியறை வெளிநாடானதும் வாளித் தண்ணீரும்

எங்கள் தெருவின் கடைசி வீட்டு மாடியறை ஒரு திங்கட்கிழமை காலை வெளிநாடாகிவிட்டது. கீழ்வீடு உள்நாடாகவே இருந்தது. படிக்கட்டு திரும்புகிற இடத்தில் எல்லை. அந்த வாரம் தக்காளி விலை கொஞ்சம் இறங்கியிருந்தது, வேறு விசேஷம் எதுவும் இல்லை.

தவறு அறையினுடையதல்ல. அதில் உட்கார்ந்து வேலை பார்த்த மனிதருக்குத் தூர தேசத்துத் துணி துவைக்கும் இயந்திரக் கம்பெனி ஒன்று சம்பளம் கொடுத்தது. அங்கே யார் வீட்டிலாவது இயந்திரம் சுற்றாமல் நின்றால், இவர் காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு வருத்தம் தெரிவிப்பார். 'நீங்களும் அந்த ஊரிலேயே இருப்பதைப் போல் பேச வேண்டும்' என்று பயிற்சியில் சொல்லியிருந்தார்கள். மற்றவர்கள் ஷிப்ட் முடியும்வரை நடித்துவிட்டுச் சாப்பிடப் போய்விட்டார்கள். நம் ஆள் எதையும் பாதியில் விடுகிறவரல்ல. அந்த ஊர் விடுமுறைக்கு விடுப்பு எடுத்தார், நம் ஊர் விடுமுறைக்கு வேலை பார்த்தார். ஏசியை அடிமட்டத்துக்கு இறக்கி ஸ்வெட்டரும் காலுறையும் போட்டுக்கொண்டார். வெளியே வெயில் மண்டையைப் பிளக்கும்போது, "இங்கே காலையிலிருந்து நசநசவென்று மழை, மேடம்" என்று முகம் தெரியாத பெண்களிடம் மனப்பூர்வமாக அலுத்துக்கொண்டார். அங்கே ரயில் தாமதமானால் இவருக்கு எரிச்சல் வந்தது. இந்த ஊர் ரயிலில் அவர் ஏறியே வருடக்கணக்காகிறது. பக்கத்து வீட்டுக்காரர் பெயரை மறந்துவிட்டார். இப்படிப் பதினோரு வருடம். மனிதரே நம்பிவிட்ட பிறகு அறை மட்டும் என்ன செய்யும்? அதுவும் நம்பிவிட்டது.

அன்று காலை ஜன்னல் வழியாக வழக்கமான மாவுமில் புகைபோக்கி தெரியவில்லை. இலையில்லாத மரங்களும், ஓவர்கோட் போட்ட ஒருவர் நாயோடு நடப்பதும் தெரிந்தன. கம்பியில் பனி படிந்திருந்தது. அவர் தடதடவென்று கீழே இறங்கி மனைவியிடம் சொன்னார். அந்த அம்மாள் டவுன் பஸ் கண்டக்டர். காக்கிச் சட்டையும் தோளில் பையுமாகக் கிளம்பிக்கொண்டிருந்தார்.

"ஏய், ஜன்னலுக்கு வெளிய வேற ஊரு தெரியுது."

"கண்ணாடியத் தொடச்சீங்களா?" என்று கேட்டுவிட்டுச் செருப்பை மாட்டிக்கொண்டு போய்விட்டார்.

அரசாங்கங்களுக்கு விஷயம் தெரியக் கொஞ்ச நாளானது. அந்த நாட்டுப் பக்கம் படிக்கட்டுத் திருப்பத்தில் ஒரு கொடியும், நெட்டையாக ஒரு காவலரும் வந்து நின்றார்கள். நம் பக்கம் கவுன்சிலர் வந்து நின்றார். பிறகு மந்திரி வந்து 'நட்புப் படிக்கட்டு' என்று பெயர் வைத்து நாடா வெட்டினார். வெட்டிய துண்டில் ஒன்று அந்தப் பக்கம் விழுந்துவிட்டது. அதைத் திரும்ப வாங்க இரண்டு அமைச்சகங்கள் இன்னும் பேசிக்கொண்டிருக்கின்றன.

நாங்கள் சும்மா இருப்போமா? குப்பை வண்டி நுழைய வழிவிடாத தெரு இது. ஒரே வாரத்தில் சர்வதேசத் தெருவாகிவிட்டது. டீக்கடைக்காரர் போர்டில் 'இன்டர்நேஷனல்' சேர்த்தார், டீ அதேதான். எல்லைக்கு அந்தப் பக்கம் ஒற்றைக் காலை வைத்துப் போட்டோ எடுத்துக்கொண்டு திரும்பி வந்ததிலிருந்து, "அங்கெல்லாம் இப்படியா எச்சில் துப்புறாங்க?" என்று கேட்டுவிட்டுத் துப்பினோம். ரிட்டயர்டு தலைமையாசிரியர் ஒருவர் கால் கட்டைவிரல் மட்டும் போய்வந்தவர். அவர் 'எனது அயல்நாட்டு அனுபவங்கள்' என்று மூன்று நாள் சொற்பொழிவாற்றினார். மூன்று நாளும் கூட்டம் இருந்தது.

மேலே இருந்தவருக்கு ஆயுள் ஆசை நாற்காலியை விட்டு எழாமலே நிறைவேறிவிட்டது. ஒரே ஒரு சங்கடம். எப்போது இந்த நாட்டுக்குள் வந்தீர்கள் என்று அதிகாரிகள் கேட்டார்கள். "வீடு கட்டினப்பவே," என்றார். அவரை வந்தேறி என்று பதிந்துகொண்டார்கள். வேலை இருக்கும்வரை தங்கலாம், அனுமதியில்லாமல் இறங்கினால் மறுபடி ஏற முடியாது. சொந்தப் பணத்தில் பூசிய சுவரை அவர் அந்நிய மண்ணாகத் தொட்டுப் பார்த்தார். ஒரு நாள் இயந்திரம் கெட்டுப்போன பெண்மணி ஒருவர், "உங்களை மாதிரி ஆட்கள் இங்கே வந்து குவிந்ததுதான் எல்லாப் பிரச்சினைக்கும் காரணம்," என்றார். பயிற்சியில் சொல்லிக்கொடுத்தபடி அதற்கும் வருத்தம் தெரிவித்தார்.

பிறகு இரண்டு நாடுகளுக்கும் சண்டை வந்தது. எதைப் பற்றி என்று எங்களுக்குக் கடைசிவரை தெரியவில்லை. கருத்து மட்டும் எல்லோரிடமும் இருந்தது. எல்லையை மூடினார்கள். அப்போதுதான் அந்த வீட்டின் அமைப்பு ஊருக்குப் புரிந்தது. தண்ணீர்த் தொட்டி மாடியறைக்கு மேலே இருந்தது, ஆகவே தண்ணீர் வெளிநாட்டுச் சரக்கு. அடுப்பு கீழே இருந்தது, ஆகவே சாப்பாடு உள்நாட்டுச் சரக்கு. கீழே குழாய் நின்றது, மேலே வயிறு காய்ந்தது. கண்டக்டர் அம்மாள் ஷிப்ட் முடிந்து வந்து தெருக்குழாயில் வாளி வாளியாகப் பிடித்துச் சுமந்தார். நாங்கள் மாடியைக் கண்டித்து அவர் வீட்டு வாசலிலேயே ஊர்வலம் நடத்தினோம். கோஷம் உச்சத்தில் இருந்தபோது அவர் இரண்டு கையிலும் வாளியோடு கூட்டத்தைப் பிளந்துகொண்டு வந்தார். "கொஞ்சம் உள்ள தள்ளி நின்னு நாட்டக் காப்பாத்துங்கப்பா, தண்ணி தளும்புது," என்றார். பழக்க தோஷத்தில் எல்லோரும் உள்ளே தள்ளி நின்றோம்.

டிபன் கேரியரைத் திருப்பத்தில் வைத்துவிட்டு அவர் இருமுவார். காவலர் சுவரைப் பார்க்க ஆரம்பிப்பார். மேல் அடுக்கு காவலருக்கு, மீதி கணவருக்கு. பதிலுக்குக் கொஞ்ச நேரம் குழாயில் தண்ணீர் வரும். உலக வர்த்தகம் முழுவதும் நின்றிருந்த காலத்தில் இந்த ஒரு வழி மட்டும் நடந்துகொண்டிருந்தது. அதுவும் நெடுநாள் ஓடவில்லை. புதிதாக வந்த காவலருக்குக் காரம் ஒத்துக்கொள்ளாமல் அவர் சட்டத்தை மதிக்கத் தொடங்கினார்.

அந்த நேரம் பார்த்து மேலே இருந்தவருக்கு அழைப்பு வந்தது. அவரது விசுவாசத்தைப் பாராட்டி நிரந்தரக் குடியுரிமை. அதிகாரிகள் முன்னால் ஒரே ஒரு உறுதிமொழி சொன்னால் போதும்: 'எனக்கு வேறு வீடு இல்லை.' மறுத்தால் இறங்க வேண்டியதுதான், வேலையும் போகும். மனைவிக்குப் படிக்கட்டு வழியே கத்திச் சொன்னார்.

"வாங்கிக்கிட்டா என்ன சொல்ற?"

"துரை இஷ்டம். தண்ணிய மட்டும் தொறந்து விடச் சொல்லுங்க," என்று கீழேயிருந்து குரல் வந்தது. அந்தக் குரலில் இருந்தது கோபமா அலுப்பா என்று ஹெட்போனுக்குள் அவருக்குப் பிடிபடவில்லை.

உறுதிமொழி நாளன்று கோட் போட்டுக்கொண்டு திரையின் முன் நின்றார். ஹெட்போனைக் கழற்றச் சொன்னார்கள், மரியாதைக்காக. வேலை நாளில் அந்த நேரத்துக்கு அவர் காது பதினோரு வருடத்துக்குப் பிறகு முதல்முறையாகத் திறந்திருந்தது. கேட் கிறீச்சிட்டது. கீழே சிமெண்டுத் தரையில் வாளி இறங்கியது. இன்னொரு வாளி. பிறகு, முழங்காலைப் பிடித்துக்கொண்டு உட்கார்கிறவளின் குரலில், "அப்பாடா."

அவ்வளவுதான். பனியில்லாத ஊரில் பனி என்றும் மழையில்லாத நாளில் மழை என்றும் வாய் கூசாமல் சொல்லிவந்த மனிதருக்கு இந்த ஒரு வாக்கியம் வாயில் வரவில்லை. 'எனக்கு வேறு' வரை வந்தது. அதோடு நின்றது. அதிகாரிகள் இணைப்பு அறுந்துவிட்டதென்று நினைத்து, காத்திருக்கும்போது போடும் இசையைப் போட்டார்கள். அந்த இசைக்கு நடுவே தொட்டியின் வால்வைத் திறந்துவிட்டு, கோட்டும் காலுறையுமாகப் படியிறங்கினார். போகிறவர்களைத் தடுக்கக் காவலருக்கு உத்தரவு இல்லை.

தடுத்தது மனைவிதான். திருப்பத்துக்குக் கீழ்ப்படியில், காக்கிச் சட்டையைக்கூட மாற்றாமல், குறுக்கே கையை வைத்துக்கொண்டு நின்றார்.

"எங்க ஏறுனீங்க?"

"மேல."

"பதினோரு வருஷமா டிக்கெட் எடுக்காம வந்திருக்கீங்க. எங்க இறங்கணும்?"

அவர் கோட்டைக் கழற்றிக் கையில் மடித்துப் போட்டுக்கொண்டார். "கடைசி ஸ்டாப்," என்றார்.

அந்த அம்மாள் அவரை மேலும் கீழும் பார்த்தார். கை விலகியது. "வழியில நிக்காதீங்க, உள்ள போங்க. ரெண்டாவது வாளியத் தூக்கிட்டுப் போங்க."

இரண்டு நாடுகளும் பிற்பாடு வேறெங்கோ ஒரு மாநாட்டில் கைகுலுக்கிக்கொண்டன. எல்லை திறந்தது. அதற்குள் கம்பெனி வருத்தம் தெரிவிக்கிற வேலையை ஒரு இயந்திரக் குரலுக்குக் கொடுத்துவிட்டது. அது இவரைவிட அதிகம் வருத்தப்படுவதாகச் சொல்கிறார்கள். நாங்களும் டீக்கடை பெஞ்சில் வேறு விஷயத்துக்குப் போய்விட்டோம். மாடியறை இன்னும் வெளிநாடாகத்தான் இருக்கிறது. யாரும் குடியில்லை. அங்கே குளிர்காலம் வந்தால் பனி உருகிக் கீழ்வீட்டுக் கூடத்து மேற்கூரையில் ஒழுகுகிறது. கண்டக்டர் அம்மாள் அதற்கு நேர்கீழே வாளியை வைத்துவிட்டு வேலைக்குப் போகிறார். உலகத்துத் துவைக்கும் இயந்திரங்களின் உள்வியாதி அத்தனையும் தெரிந்த அவர் கணவர், குந்தி உட்கார்ந்து அந்தத் தண்ணீரில் காக்கிச் சட்டையைக் கையால் கசக்குகிறார். அந்தத் தண்ணீருக்கு நுரை நன்றாக வருகிறதாம்.