தூணில் இல்லாத கோடாரி

கிழக்கு வெளுக்கும்போது உர்சூல் நின்றபடியே தூங்கிக்கொண்டிருந்தாள். கைகள் மட்டும் விழித்திருந்தன. மூன்று இரும்பு உருளைகளுக்கு முன்னால் நனெத் நின்று கரும்பை ஊட்ட, பின்னால் நின்ற உர்சூல் நசுங்கி வந்ததை வாங்கி, மடக்கி, மறு பிழிவுக்குத் திருப்பித் தள்ளினாள். வெளியே கோவேறு கழுதைகள் செக்கைச் சுற்றிச் சுற்றி வந்தன. சாறு மரத்தொட்டியில் விழுந்து, அடுத்த கொட்டகையின் கொப்பரைகளுக்கு ஓடியது. இருவரும் நேற்று மதியம் வந்து நின்றவர்கள். மாற்று ஆள் வரவில்லை, வரப்போவதும் இல்லை.

போன அறுவடை வரை இந்த வேலைக்கு நான்கு பெண்கள் இருந்தார்கள். தோட்டத்தை நிர்வகிக்கப் புதிதாக வந்த கார்போ துரை இரண்டு பேரைக் கரும்பு வெட்ட அனுப்பிவிட்டான். கப்பலேறும் வரை கரும்புக்கும் மூங்கிலுக்கும் வித்தியாசம் தெரியாத ஆள். பிரெஞ்சுக்காரர்களின் சான் தொமிங் தீவில் கால் வைத்து எட்டு மாதம்கூட ஆகவில்லை, அதற்குள் இருநூறு அடிமைகளுக்குச் சர்க்கரை காய்ச்சச் சொல்லிக்கொடுக்க வந்துவிட்டான். தலையில் பொய்முடி, அதன்மேல் வெள்ளை மாவு. வெயில் ஏறினால் மாவு கரைந்து காதோரம் ஒழுகும். அதைத் துடைத்துவிடவும் ஓர் அடிமை.

அவனுடைய இன்னொரு புத்திசாலித்தனம் உருளைக்குப் பக்கத்துத் தூணில் தெரிந்தது. எந்தக் கரும்பாலையிலும் அந்தத் தூணில் ஒரு கோடாரி தொங்கும். ஊட்டுகிறவளின் விரல் உள்ளே போய்விட்டால், கழுதைகளை நிறுத்துவதற்குள் உருளை தோள்வரை இழுத்துவிடும். பக்கத்தில் நிற்பவள் கோடாரியை எடுத்து முழங்கையோடு வெட்டி ஆளை மீட்க வேண்டும். ஆலைக்கு வருகிற பெண்ணுக்கு முதலில் சொல்லித்தரும் பாடமே அதுதான். முதலாளிமார் செய்த தயவு அவ்வளவுதான். கார்போவுக்கு அதுவும் பொறுக்கவில்லை. பக்கத்துத் தோட்டத்தில் யாரோ ஒருவன் துரையை முறைத்துப் பார்த்தானாம். அதைக் கேட்ட அன்றே கோடாரியைக் கழற்றிக் கொண்டுபோய்த் தன் கட்டிலுக்கு அடியில் வைத்துக்கொண்டான். வெட்டுக்கத்திகளையும் மதிய மணி அடித்ததுமே வாங்கிப் பூட்டிவிடுவான்.

"ஏதாச்சும் பேசுக்கா. கண்ணு சொருகுது," என்றாள் நனெத்.

"தொரை தலையில இருக்கிற மாவுல எத்தனை ரொட்டி சுடலாம், சொல்லு."

"அதைத் தின்னா பேதியில்ல புடுங்கும்!"

நனெத் சிரித்தாள். சிரிப்பு முடிவதற்குள் அலறல் வந்தது.

உர்சூல் தூணுக்குப் பாய்ந்தாள். கையில் வெறும் ஆணிதான் அகப்பட்டது.

"கழுதையைப் புடிங்க! புடிங்க!"

பாகு காய்ச்சும் அசோர் கொப்பரையை விட்டு ஓடிவந்து முன்கழுதையின் கழுத்தைக் கட்டிக்கொண்டு தொங்கினான். செக்கு நின்றபோது நனெத்தின் தோள் உருளையில் முட்டியிருந்தது. ஆப்புகளைத் தட்டித் தளர்த்தி அவளை வெளியே எடுத்தார்கள். உயிர் இருந்தது, கை இல்லை.

கார்போ மூக்கில் கைக்குட்டையை வைத்துக்கொண்டு வந்து சேர்ந்தான்.

"எவ்வளவு சாறு கெட்டுப்போச்சு?"

அதுதான் அவனுடைய முதல் கேள்வி. அசோர் துணியைக் கிழித்து நனெத்தின் தோளை இறுக்கிக் கட்டியபடியே பதில் சொன்னான்.

"ஒரு தொட்டி, தொரை. ரத்தம் கலந்துடுச்சு. கொட்டிடணும்."

"கொட்டறதாவது! காய்ச்சு. காய்ச்சினா எல்லாம் வெள்ளையாயிடும்."

உர்சூல் எழுந்து அவன் எதிரே நின்றாள். "கோடாரி எங்க தொரை?"

"உனக்கு எதுக்கு?"

"அது இருந்திருந்தா முழங்கையோட போயிருக்கும்."

"அது உங்க கையில இருந்தா என் கழுத்துக்கு யார் பொறுப்பு?"

"உங்க கழுத்தை வச்சுக்கிட்டு நாங்க என்ன பண்றது? சூப்பு வைக்கக்கூட ஆகாதே."

பின்னால் யாருக்கோ சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. மாவுக்கடியில் கார்போவின் முகம் சிவந்தது.

"கங்காணி! சாயங்காலம் இவளுக்கு இருபது கசையடி. அடி வாங்கினதும் நனெத் நின்ன இடத்துல இவ நிக்கட்டும். தனியா, விடிய விடிய!"

கங்காணி பொம்பேவும் அடிமைதான். கையில் சாட்டை இருக்கிற அடிமை. "சரிங்க தொரை" என்று தரையைப் பார்த்துச் சொன்னான்.

கார்போ போனதும் உர்சூல் உருளையைப் பார்த்தாள். இருபது அடி வாங்கிய உடம்போடு தனியாக நின்றால், நாளை விடியும்போது தனக்கும் கை இருக்காது என்று அவளுக்குத் தெரிந்தது. பயமாகத்தான் இருந்தது. பயத்தைவிட அருவருப்பு அதிகமாக இருந்தது. தன் கட்டிலுக்கடியில் கோடாரியை ஒளித்து வைத்துக்கொண்டு தூங்குகிற கோழை ஒருவனுக்காகவா கை போக வேண்டும்?

"நான் மலைக்குப் போறேன்," என்றாள்.

"நீ மட்டும் போனா புடிச்சு வந்து காதை அறுப்பான்," என்றான் அசோர். "எல்லாரும் போனா?"

"எல்லாருமா?"

"இருநூறு பேர் காதையும் அறுத்துட்டா யார் கரும்பு வெட்டுவா? அவனா? பொய்முடி விழுந்துடாது?"

வேறு தோட்டங்களில் நடந்ததுதான். மொத்தமாக மலையேறிவிடுவார்கள், முதலாளி துரையை மாற்றிய பிறகே இறங்குவார்கள். வெட்டிய கரும்பு ஒரு நாளுக்குமேல் தாங்காது, புளித்துவிடும். கப்பலோ காப் துறைமுகத்தில் காத்திருக்கிறது. மதிய மணி அடிப்பதற்குள் செய்தி வயல் முழுக்கப் பரவிவிட்டது.

மணி அடித்தது. வெட்டுக்கத்திகளை ஒழுங்காக ஒப்படைத்தார்கள். கார்போ திருப்தியோடு சாப்பிட உட்கார்ந்தான். அறுவடை தொடங்கியதிலிருந்து அணையாத அடுப்பின் விறகை அசோர் வெளியே இழுத்துப் போட்டுத் தண்ணீர் ஊற்றினான். கரும்புக் கழிகளில் கட்டிய தூளியில் நனெத்தைத் தூக்கிக்கொண்டு எல்லோரும் நடந்தார்கள். சாட்டையைப் பிடித்தபடி பொம்பே பார்த்துக்கொண்டே நின்றான். தடுக்கவும் இல்லை, கூட வரவும் இல்லை.

மலையில் இரண்டு நாள் மழை பெய்தது. கையில் ஒரு கத்திகூட இல்லை. கையால் ஒடித்த ஓலைதான் கூரை. நனெத்துக்குக் காய்ச்சல் கொதித்தது. "கீழ போயிடலாமா?" என்று சிலர் முனக ஆரம்பித்தார்கள். ஓலை ஒழுகிய இடத்தில் உர்சூல் நனெத்தின்மேல் குனிந்து, தன் முதுகில் மழையை வாங்கிக்கொண்டாள்.

மூன்றாம் நாள் காலை மழை விட்டது. காற்றில் புளித்த வாடை ஏறி வந்தது. வயல் முழுக்கக் கரும்பு அழுகுகிற வாடை. முனகியவர்கள்கூட மூக்கை நிமிர்த்தி இழுத்தார்கள். கொஞ்ச நேரத்தில் கார்போவும் வந்தான். ஓடைக்கு அந்தப் பக்கமே குதிரையை நிறுத்திக்கொண்டான். பக்கத்தில் பொம்பே நடந்து வந்திருந்தான்.

"என் மனசு பெருசு!" என்று கார்போ கத்தினான். "நீங்க கேட்டதைக் குடுத்துடறேன். இந்தாங்க!"

கோடாரியை ஓடைக்கு இந்தப் பக்கம் வீசினான். அது உர்சூலின் காலடியில் விழுந்தது.

"எடுத்துத் தூண்ல மாட்டிட்டு வேலையைப் பாருங்க!"

உர்சூல் கோடாரியை எடுத்து விரலால் கூர் பார்த்தாள். கார்போ குதிரையை இரண்டடி பின்னுக்கு நகர்த்தினான்.

"பயப்படாதீங்க தொரை, உங்களுக்கு இது அதிகம்," என்றாள். "ஆலையில நாலு பேர் நிக்கணும். ராத்திரி செக்கு ஓடக்கூடாது. நீங்க கப்பலேறணும். அப்பதான் எறங்குவோம்."

"காப்லேர்ந்து சிப்பாய்ங்களைக் கூட்டி வருவேன்!"

"கூட்டி வாங்க. கரும்பு வெட்டத் தெரிஞ்சவங்களாப் பார்த்துக் கூட்டி வாங்க."

இருநூறு பேரும் சிரித்தார்கள். உர்சூல் அவனுக்கு முதுகைக் காட்டி, நேராக ஒரு மரத்தடிக்குப் போனாள். கோடாரியை ஓங்கினாள். முதல் வெட்டின் சத்தம் ஓடை தாண்டிக் கேட்டது. மரம் சாய்ந்தபோது கார்போவுக்குப் புரிந்தது, இவர்கள் குடிசை போடுகிறார்கள். போடுவதற்குக் கருவி கொண்டுவந்து கொடுத்ததே அவன்தான்.

"கங்காணி, அதைப் புடுங்கிட்டு வா!"

பொம்பே ஓடையில் இறங்கினான். நடுவில் நின்று சாட்டையைத் தண்ணீரில் விட்டான். அது சுருண்டு மிதந்து போனது. கரையேறி வந்தவனை உர்சூல் கோடாரியோடு பார்த்துக்கொண்டு நின்றாள்.

"எத்தனை தூண் வேணும்?" என்று கேட்டான்.

"எல்லாருக்கும் கூரை வேணும்னா இருபதாவது வேணும்."

"ஒண்ணுதானே விழுந்திருக்கு. கொண்டா இப்படி. நீ போய் நனெத்தைப் பாரு," என்று பொம்பே கையை நீட்டினான்.