அரை மூடி மருந்து

பையன் பாயில் அசந்து தூங்கினான். காப்பக டீச்சருக்கோ அவனைப் பார்த்து ஒரே பூரிப்பு. "எவ்வளவு சமத்து. இதுக்கா இப்படிப் பயந்தீங்க?" அம்மா சிரித்து வைத்தாள்.

பயப்படாமல் என்ன செய்வாள்? இதற்கு முன் ஏறி இறங்கிய காப்பகங்கள் கொஞ்சமா? ஓரிடத்தில், பையனுக்குப் பேச்சு வராது என்றதுமே இடமில்லை என்றார்கள். இன்னோரிடத்தில் இடம் உண்டாம், "இந்த மாதிரிப் பிள்ளை"க்குக் கட்டணம் மட்டும் மூன்று மடங்காம். ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் விரிப்புகளுக்கு இஸ்திரி போடுகிறவள் அதைக் கட்டிவிட்டுக் காற்றையா குடிப்பாள்? இங்கேதான் எல்லாப் பிள்ளைக்கும் ஒரே கட்டணம். ஆனால் ஒரு பகல் வைத்துப் பார்த்துவிட்டுத்தான் சேர்ப்பார்கள். அவளுக்கு லீவும் தீர்ந்துவிட்டது. நாளைக்கு வராவிட்டால் வேறு ஆள் போட்டுவிடுவேன் என்று மேற்பார்வையாளர் கறாராகச் சொல்லிவிட்டார். அதனால்தான் காலையில் சளி மருந்தில் அரை மூடியைப் பாலில் கலந்து கொடுத்தாள். குடித்தால் தூக்கம் வரும் மருந்து. பையனுக்குச் சளியும் இல்லை, ஒரு மண்ணும் இல்லை.

"நாளையிலேருந்து விட்டுட்டுப் போங்க," என்றார் டீச்சர். அப்பாடா என்றிருந்தது. அது நெஞ்சில் இறங்குவதற்குள் டீச்சரே தொடர்ந்தார். "நாளைக்கு எல்லாரையும் ஏரிக்கரைப் பூங்காவுக்குக் கூட்டிட்டுப் போறோம். இவன் இருக்கிற இடமே தெரியல, கையைப் பிடிக்கக்கூட ஆள் வேணாம்."

ஏரிக்கரையா? தண்ணீரைக் கண்டால் அவன் கண்மண் தெரியாமல் ஓடுவான். எத்தனை கூப்பிட்டாலும் திரும்பமாட்டான். வாயை மூடிக்கொண்டிருந்தால் வேலை பிழைக்கும். பிள்ளை?

"டீச்சர், அவன் ஓடுவான்," என்றாள். "தண்ணியப் பாத்தா நிக்கவே மாட்டான். இன்னைக்கு நான்தான் மருந்து குடுத்துத் தூங்க வச்சிட்டேன்."

டீச்சரின் முகம் சிவந்தது. சட்டென்று குனிந்து பையனின் மூச்சைக் கவனித்தார், எவ்வளவு கொடுத்தாள் என்று கேட்டார். "அப்ப காலையிலேருந்து நான் பாத்தது உங்க பிள்ளைய இல்ல, மருந்தைத்தான்." குரல் உயரவில்லை. அதுதான் அவளை இன்னும் சுட்டது. "இனிமே இப்படிச் செஞ்சா இந்தப் படி ஏறாதீங்க. அவன் முழிக்கட்டும். அவனைப் பாத்துட்டுச் சொல்றேன்."

போச்சு, எல்லாம் போச்சு என்று சுவரோரம் உட்கார்ந்தாள். எல்லாரையும்விடத் தன்மேல்தான் அவளுக்கு ஆத்திரம் வந்தது.

பையன் விழித்தான். உள்ளே யாரோ குழாயைத் திறந்தார்கள். அவ்வளவுதான், கீச்சென்று கத்திக்கொண்டு, அடுக்கி வைத்திருந்த கட்டைகளைச் சிதறடித்துவிட்டுப் பாய்ந்தான். அவள் பதறி எழுந்தாள். அதற்குள் டீச்சர் குறுக்கே போய் மண்டியிட்டு அவனை அணைத்துப் பிடித்துவிட்டார். அவன் திமிறினான், அவர் விடவில்லை.

"நாளைக்குப் பூங்காவுல இவன் கை என் கையிலதான்," என்றார் மூச்சிரைக்க. "நீங்க உக்காருங்கம்மா. நான் பாத்துக்கறேன்."

இவன் பிறந்ததிலிருந்து அந்த வார்த்தையை அவளிடம் யாரும் சொன்னதில்லை. எப்படி உட்காருவது என்றே அவளுக்குத் தெரியவில்லை.