பெட்டியிடம் பெயர் சொல்லாதவர்

கேபிள் இணைப்பைத் துண்டித்த மாதத்திலேயே சூப்பர்வைசர் தன் சொந்த வீட்டில் கண்ணுக்குத் தெரியாமல் போனார். வீட்டிலிருந்தவர்கள் அதை உடனே கவனித்திருக்க வேண்டும். ஆனால் கேபிளுக்குப் பதிலாக வந்த புதுப் பெட்டியில் அந்த மாதம் பார்ப்பதற்கு நிறைய இருந்தது. மருமகள் துவைத்த துணிகளைக் கொண்டுவந்து சாய்வு நாற்காலியில் குவித்தபோது துணிக்குவியல் இருமியது. அவள் துணிகளைக் கட்டிலுக்கு மாற்றிவிட்டு, நாற்காலியில் ஸ்பிரிங் போய்விட்டது என்று கணவனிடம் சொன்னாள்.

சூப்பர்வைசர் வேலையில் இருந்த காலமெல்லாம் ஒரு தொழிற்சாலையின் வாசலில் காவல் சூப்பர்வைசராக நின்றவர். உள்ளே போகிற ஒவ்வொருவரிடமும் பெயர் கேட்பதுதான் அவர் உத்தியோகம். தினமும் பார்க்கிற முகமாக இருந்தாலும் கேட்பார். முதலாளியின் மைத்துனரையே ஒருமுறை கொட்டும் மழையில் நிறுத்திக் கேட்டார், மைத்துனரும் நனைந்துகொண்டே சொன்னார். ஓய்வுபெற்ற பிறகு அந்த அதிகாரம் ரிமோட்டுக்குள் குடிபுகுந்தது. முதலில் செய்தி, பிறகு அந்தச் செய்தியைப் பற்றி நான்கு பேர் போடும் சண்டை, அதன் பிறகு அந்தச் சண்டையைப் பற்றிய செய்தி என்று அவர் வீட்டு மாலைப்பொழுதுகள் ஒழுங்காக நகர்ந்தன. மனைவி பக்கத்தில் உட்கார்ந்து எல்லாவற்றையும் பார்த்தாள். தன் மனைவிக்கு அரசியலில் ஆர்வம் அதிகம் என்று அவர் நண்பர்களிடம் பெருமையாகச் சொல்லிக்கொள்வார்.

மகன் கொண்டுவந்த பெட்டி ஒரு சோப்புக்கட்டியின் அளவுதான் இருந்தது. பழைய இணைப்பைக் கழற்ற வந்த கேபிள்காரருக்கு வருத்தம் எதுவும் இல்லை. அவர் இப்போது இணைய இணைப்பு கொடுத்துக்கொண்டிருந்தார். ஒரே வீட்டில் கழற்றவும் மாட்டவும் வேலை கிடைத்த மகிழ்ச்சியில் சீட்டியடித்தபடி வயரைச் சுருட்டினார். பெட்டியை இயக்கியதும் திரையில், யார் பார்க்கிறீர்கள் என்ற கேள்வி வந்தது. ஐந்து பேருக்கு மட்டும் இடம் என்றும் வந்தது. மகன் தன் பெயரைப் போட்டான், மனைவியின் பெயரைப் போட்டான், மகளுக்குக் கரடித் தொப்பி வைத்த முகம் ஒன்றைத் தேர்ந்தெடுத்தான். பிறகு அப்பாவின் பக்கம் திரும்பினான்.

“அப்பா, உங்க பேரையும் போட்டுடறேன். என்ன மாதிரி படம் பிடிக்கும்னு சொல்லுங்க.”

“யாருக்குச் சொல்லணும்?”

“பெட்டி கேக்குதுப்பா.”

“என் வீட்டுக்குள்ள வந்து உக்காந்துக்கிட்டு என்னையே பேர் கேக்குதா? முதல்ல அதோட பேரைக் கேளுடா!”

மகன் பெட்டியின் பெயரைக் கேட்கவில்லை. சமையலறை வாசலில் நின்றிருந்த அம்மா, “எனக்கு ஒண்ணு போடுடா” என்றாள். பேச்சு எந்தப் பக்கத்திலிருந்து வந்தது என்று எல்லோரும் ஒருமுறை சுற்றிப் பார்த்துக்கொண்டார்கள். மிச்சமிருந்த ஐந்தாவது இடத்தை, வேறு ஊரில் இருந்த மருமகளின் தம்பி தொலைபேசியிலேயே வாங்கிக்கொண்டான்.

பெட்டி அந்த ஐந்து பேரையும் கவனமாக நினைவில் வைத்துக்கொண்டது. அதைப் பார்த்து வீடும் கற்றுக்கொண்டது. சூப்பர்வைசருக்கு முதலில் விரல் நுனிகள் மறைந்தன, பிறகு மூக்குக்கண்ணாடி, வார இறுதிக்குள் மீசை. கௌரவமான மனிதர் என்பதால் சட்டையும் கால்சட்டையும் அவரோடு சேர்ந்தே மறைந்தன. அதே நாட்களில், ஊரிலேயே இல்லாத மருமகளின் தம்பி மாலை வேளைகளில் சோபாவில் காலை நீட்டிக்கொண்டு தென்படத் தொடங்கினான். அங்கே அவனுடைய அம்மா, பையன் கொஞ்ச நாளாக வெளிறிக் கிடக்கிறான், சரியாகச் சாப்பிடுவதில்லை என்று கவலைப்பட்டாள். இங்கே அவன் நன்றாகவே சாப்பிட்டான். சூப்பர்வைசருக்கு வந்துகொண்டிருந்த தேநீர் அவன் கைக்குப் போனது.

தொலைக்காட்சிக்குக் குறுக்கே போகிறவர்களை வாழ்நாள் முழுவதும் அதட்டியவர், ஒருநாள் தானே குறுக்கே போய் நின்றார். யாரும் தலையைக்கூட அசைக்கவில்லை. படம் அவர் வயிற்றின் வழியாகத் தெளிவாகத் தெரிந்தது. கத்தியும் பார்த்தார். பேத்தி மட்டும் ஒலியைக் கொஞ்சம் கூட்டினாள்.

மறுநாள் காலை அவர் கேபிள்காரரின் கடைக்குப் போனார்.

கேபிள்காரர் காலி நாற்காலியைப் பார்த்துச் சிரித்தார். “சார்தானே? வாங்க, வாங்க. நம்ம தெருவுல நிறைய பேர் இப்படி வந்துட்டாங்க. எல்லாருமே ரிட்டயர் ஆனவங்க.”

“பழைய வயரை மாட்டிவிடு.”

“அதெல்லாம் எடைக்குப் போட்டாச்சு சார். வீட்டுக்குப் போய்ப் பேரைக் குடுங்க, தெரிஞ்சுடுவீங்க. ஒரு பேரு, இதுக்குப் போய் என்ன சார் வீம்பு?”

வழியெல்லாம் அவர் தன் பெயரைச் சொல்லிப் பார்த்துக்கொண்டே வந்தார். அதைச் சொல்லி வெகு காலம் ஆகியிருந்ததால் நாக்கு இரண்டு இடத்தில் தடுக்கியது. கூடத்தில், தன் முன்னால் தொழிலாளர்கள் நின்ற அதே மாதிரி கைகளைத் தொங்கப்போட்டுக்கொண்டு, பெட்டியின் முன்னால் நின்று முதலெழுத்தோடு முழுப் பெயரையும் சொன்னார். இடமில்லை என்றது பெட்டி. யாராவது ஒருவரை நீக்கினால் பரிசீலிக்கலாம்.

அதனால் வீட்டில் கூட்டம் போடப்பட்டது. மகன் சாய்வு நாற்காலியைப் பார்த்து மரியாதையாகப் பேசினான். அவர் அவனுக்குப் பின்னால் ஜன்னலோரம் நின்றிருந்தார். தன்னை நீக்கினால் அலுவலகக் களைப்பு எப்படித் தீரும் என்றான் மகன். பேத்தி யாரும் கேட்பதற்கு முன்பே அழுதாள். “என் தம்பி ஒரு கதையில பாதியில நிக்கறான் மாமா. இப்பத் தூக்கினா பாவம், முதல்லேர்ந்து பாக்கணும்” என்றாள் மருமகள். சோபாவிலிருந்த தம்பி, ஆமாம் என்று தலையாட்டினான். பிறகு வழக்கம்போல் எல்லோரும் அம்மாவைப் பார்த்தார்கள்.

“அம்மா, உன்னோடதை விட்டுக் குடுத்துடேன். நீ எப்பவும் அப்பாகூடத்தானே பாப்ப?”

“மாட்டேன்.”

“அப்பா தெரியவே மாட்டேங்கறாரும்மா!”

“முப்பது வருஷமா நான் தெரியாமத்தான் அவர் பக்கத்துல உக்காந்திருந்தேன். அப்ப யாராவது கூட்டம் போட்டீங்களாடா?”

ஜன்னலோரத்தில் காற்று மெல்லச் செருமியது. அம்மாவுக்கு அரசியலில் ஆர்வமே கிடையாது என்பது அப்போதுதான் தெரியவந்தது. அவளுக்குப் பிடித்தவை பனி பெய்யும் நாடுகளில் நடக்கும் கொலைகள். விஷம் வைத்தவை என்றால் கூடுதல் பிரியம். பெட்டி இதை ஒரே வாரத்தில் கண்டுபிடித்து, மேற்கொண்டு பத்துக் கொலைகளைச் சிபாரிசு செய்திருந்தது.

“என்னங்க, எங்க நிக்கறீங்க? வாங்க, வந்து உக்காருங்க” என்றாள் அவள், தோராயமாக ஒரு திசையைப் பார்த்து. அவர் வந்து உட்கார்ந்தார். அவள் தன் பெயரை அழுத்தினாள். திரையில் பனி பெய்து, முதல் பிணம் கிடைத்தபோது அவருடைய முழங்கால்கள் தெரிந்தன. துப்பறிபவர் வந்து சேர்ந்தபோது மீசை வந்தது. தொடர் ஓடிய வரைக்கும் சூப்பர்வைசர் முழுசாக இருந்தார். அவள் அணைத்ததும் போய்விட்டார்.

அதற்குப் பிறகு வருடங்கள் அப்படியே போயின. அவரைப் பார்க்க வேண்டியவர்கள் கொலை நடக்கிற நேரமாகப் பார்த்து வந்தார்கள். அவர் உயிரோடு இருக்கிறார் என்று சரிபார்க்க வருகிற ஓய்வூதிய அலுவலகக்காரர், ஒரு பாகம் முழுக்கப் பொறுமையாக உட்கார்ந்து சரிபார்த்துவிட்டு, கொன்றது யார் என்று தெரியாமல் போக மனமின்றி இன்னொரு பாகமும் சரிபார்ப்பார். சூப்பர்வைசர் அரசியலை மறந்துபோனார். விஷங்களின் பெயர்கள் அவருக்குத் தலைகீழ்ப் பாடம். ஒரு கதை முடிந்ததும், “அடுத்ததையும் போட்டுடேன், என்ன அவசரம்?” என்று மனைவியிடம் தணிந்த குரலில் சொல்லப் பழகிக்கொண்டார்.

சில மாலைகளில், தொடர்ந்து பல பாகங்கள் ஓடிய பிறகு, பெட்டி தானாகவே படத்தை நிறுத்திவிட்டு, இன்னும் பார்த்துக்கொண்டிருக்கிறீர்களா என்று கேட்கும். அப்போது சூப்பர்வைசரின் கால்கள் மெல்ல மங்கத் தொடங்கும். அவர் மனைவியின் முகத்தைப் பார்ப்பார். அவள் மிச்சமிருக்கும் தேநீரை நிதானமாகக் குடித்து முடித்து, கொஞ்சம் யோசித்து, அதற்குப் பிறகுதான் ஆமாம் என்று அழுத்துவாள்.