சர்க்கார் டிவியும் ரத்னம்மாவின் தட்டும்

ஆந்திராவில், தமிழ்நாட்டு எல்லையோரம் இருக்கிற எங்கள் வேப்பமிட்டாவில் மூன்று டீக்கடை. மேல வீதிக் கடையில் ஒரு கட்சி டிவி ஓடும். கீழ வீதிக் கடையில் இன்னொரு கட்சி டிவி ஓடும். இந்த வீதிக்காரன் அந்தக் கடையில் ஒரு டீ குடித்தால், அவன் வீடு போய்ச் சேருமுன் சேதி போய்ச் சேர்ந்துவிடும். ரெண்டுக்கும் நடுவில், பிச்சாட்டூர் பஸ் நிற்கிற இடத்தில் வெங்கடசாமி மாமா கடை. அவர் கேபிளுக்குக் காசு கட்டுகிற ஆள் இல்லை. கூரைமேல் ஒரு குடை ஆன்டெனா வைத்திருக்கிறார். அதில் சர்க்கார் டிவிதான் தெளிவாக வரும். தெலுங்கு நியூஸும் வரும், தமிழ் நியூஸும் வரும். சர்க்கார் டிவி யார் கட்சியும் இல்லை என்று நம்பித்தான் ரெண்டு வீதி ஆட்களும் அங்கே ஒரே பெஞ்சில் உட்கார்வார்கள்.

அந்த நம்பிக்கை போன கார்த்திகை மழையில் ஆட்டம் கண்டது.

அப்போது நான் திருப்பதியில் ஒரு லாட்ஜ் கட்டடத்தில் கான்கிரீட் வேலையில் இருந்தேன். மழை விடவில்லை. மேஸ்திரி எங்களை அனுப்பிவிட்டார். தோள் எரிச்சலுக்கு நாலு நாள் படுத்துக் கிடக்கலாம் என்று ஊருக்கு வந்தேன். வந்து பார்த்தால் ஊரே கீழ வீதிக் கோடியில் நின்றுகொண்டிருந்தது. முந்தின நாள் சாயங்காலம் மேலே டேம் நிரம்பி, கேட்டைத் திறந்திருக்கிறார்கள். எங்கள் ஊர் ஓடையான வாகில் எப்போதும் கணுக்கால் தண்ணீர்தான் ஓடும். அது கரை ஏறி வந்து ரத்னம்மா அக்காவின் மாட்டுக் கொட்டகையைச் சாய்த்துவிட்டது. உள்ளே கட்டியிருந்த கறவைப் பசு கயிற்றோடு கிடந்தது. கன்று மட்டும் வீட்டு வாசலில் கட்டியிருந்ததால் பிழைத்தது. அது கத்திக்கொண்டே இருந்தது. ரத்னம்மா அக்காவுக்குப் புருஷன் இல்லை. அந்தப் பாலை டெய்ரிக்கு ஊற்றித்தான் வீட்டில் உலை ஏறும்.

அன்றைக்கு வெங்கடசாமி மாமா கடையில் நியூஸ் பார்க்க இடமில்லை. முதலில் தெலுங்கு நியூஸ். தாழ்வான ஊர்களில் மைக் வைத்து முன்னாலேயே சொல்லிவிட்டுத்தான் தண்ணீர் திறந்தார்கள் என்றது. அப்புறம் தமிழ் நியூஸ். எல்லைக்குக் கீழே தமிழ்நாட்டு ஊர்களில் இடுப்பளவு தண்ணீரில் நின்ற சனங்களைக் காட்டி, முன்னறிவிப்பு இல்லாமல் தண்ணீர் திறந்துவிட்டதாக மக்கள் குமுறல் என்றது. ரெண்டிலும் எங்கள் வாகு வந்தது. ரெண்டிலும் அதே சாய்ந்த கொட்டகை.

"பாத்தியாடா, சர்க்கார் டிவியே சொல்லிச்சி, முன்னாடியே சொன்னாங்கன்னு!" என்று தொடையைத் தட்டினார் மேல வீதி திருமலை. ஆளுகிற கட்சி. சச்சிவாலயம் என்கிற ஊர் ஆபீஸில் அவர் வைத்ததுதான் வரிசை.

"எந்த சர்க்கார் டிவி? தமிழ்ல சொன்னது உங் காதுல வியலயா?" என்றான் கீழ வீதி சண்முகம். "இவங்க விஜயவாடாவுல ஒரு வாய், மெட்ராஸ்ல ஒரு வாய் வச்சிக்கினு இருக்கானுங்க. அங்க ஆளுறவனுக்கு அது, இங்க ஆளுறவனுக்கு இது. நம்ம வரிப்பணத்துல."

"தமிழ் நியூஸ்காரன் நம்ம ஊருக்கு வந்து பாத்தானா? கீய இருக்கறவன் அழுதத வச்சி சொல்லிட்டான்."

"தெலுங்கு நியூஸ்காரன் மட்டும் வந்து பாத்தானா? கலெக்டர் ஆபீஸ் பேப்பர அப்டியே படிச்சான்."

வெங்கடசாமி மாமா டீ ஆற்றிக்கொண்டே, "ரெண்டு பேரும் கத்துங்க. எனக்கு டீ போவுது" என்றார்.

எல்லாரும் சிரித்தார்கள். சிரிக்காதவன் ஒருத்தன், என் மச்சான் சிரஞ்சீவி. என் வீட்டுக்காரியின் தம்பி. அந்த மைக் அவனுடையது. ஆட்டோ ஓட்டுகிறான். சச்சிவாலயத்தில் தடுப்பூசி, குடிதண்ணி, ரேஷன் என்று எது இருந்தாலும் அவன்தான் ஆட்டோவில் மைக் கட்டி ஊர் சுற்றிச் சொல்லுவான். எலெக்ஷனில் அதே ஆட்டோவில், அதே மைக்கில் மேல வீதிக் கட்சிக்கும் சொன்னான்.

அதற்குள் சண்முகம் அவன் பக்கம் திரும்பினான். "சொல்லு நைனா. கீய வீதிக்கு நீ வந்தியா, வரலயா?"

"வந்தேன்."

"யாரு கேட்டா?"

சிரஞ்சீவி கிளாஸை வைத்துவிட்டு எழுந்து போனான். அவன் முதுகுக்கே சண்முகம் சொன்னான்: "வரல. வந்திருந்தா பதில் சொல்லிருப்பான்."

மறுநாள் ரத்னம்மா அக்கா கொட்டகையில் சேறு வாரப் போனோம், நானும் அவனும். மண்வெட்டியை ஊன்றிக்கொண்டு நின்றான்.

"மாமா, நாளைக்கி டிவிக்காரங்க வராங்களாம். ரெண்டு நியூஸும் ரெண்டு மாதிரி வந்ததுல சண்ட ஆயிப்போச்சாம். திருமலண்ணன் சொல்லிட்டாரு, எல்லா வீதிக்கும் போனேன், எல்லாரும் கேட்டாங்கன்னு கேமராவுல சொல்லு, இல்லன்னா மைக்க வேற ஆளுக்குக் குடுத்துடுவோம்னு."

"போனியா இல்லயா, அத சொல்லு மொதல்ல."

"போனேன் மாமா. அதான் கத. எப்பவும் போல தெலுங்குல அன்னலாரா, அக்கலாரான்னு ஆரம்பிச்சேன். உடனே தட்டு தட்ட ஆரம்பிச்சிட்டாங்க."

எனக்கு விளங்கிவிட்டது. எலெக்ஷன் சமயத்தில் இவன் ஆட்டோ கீழ வீதியில் நுழைந்தால் பொம்பளைகள் எவர்சில்வர் தட்டும் கரண்டியும் எடுத்துக்கொண்டு வாசலுக்கு வந்துவிடுவார்கள். இவன் சொல்வது ஒரு எழுத்து கேட்காத மாதிரி தட்டுவார்கள். இவனும் விடமாட்டான், சத்தத்தைக் கூட்டுவான். அது ஒரு விளையாட்டு மாதிரி ஆகிப்போனது. எலெக்ஷன் முடிந்தும் பழக்கம் போகவில்லை. தடுப்பூசிக்குக்கூடத் தட்டினார்கள்.

"மொதல்ல தட்டினது யாரு?"

அவன் வாசலில் கட்டியிருந்த கன்றைப் பார்த்தான். "ரத்னம்மாக்கா. சிரிச்சிக்கினே தட்டுச்சி. நானும் எப்பவும் போல தட்றாங்கன்னு சிரிச்சிக்கினே ஆட்டோவ திருப்பிக்கினு வந்துட்டேன். தண்ணி இவ்ளோ வரும்னு எனக்கு மட்டும் தெரியுமா?"

"அப்ப அதச் சொல்லு. உம்மேல தப்பு இல்லயே."

"சொன்னா அக்காவுக்கு நஷ்டபரிகாரப் பணம் வராது மாமா. சொல்லியும் கேக்கலன்னு எழுதிடுவாங்க. சொல்லலன்னா நா வரலன்னு ஆயிடும். எங்க போனாலும் ஒரு மாடு சாவுது."

சேற்றை அள்ளிக் கொட்டினான். நானும் அள்ளினேன். என் கையில் இருந்தது மண்வெட்டி மட்டும்தான்.

டிவியிலிருந்து வந்தது ஒரே ஒரு பெண். பெயர் ரூபா. தோளில் பெரிய கேமரா எதுவும் இல்லை, கையில் ஒரு சின்னக் கேமராதான். மழைக்கோட்டு போட்டுக்கொண்டு ஸ்கூட்டியில் திருப்பதியிலிருந்து வந்திருந்தாள். நகரிப் பக்கத்துப் பெண், நம்ம தமிழே பேசினாள். வெங்கடசாமி மாமா கடை முன்னால் இறங்கினதும் ரெண்டு வீதியும் அவளைச் சூழ்ந்துகொண்டது.

"ஏம்மா, பாதிய சொல்லி பாதிய மறைக்கறதுக்குத்தான் உங்களுக்கு சம்பளமா?" என்றான் சண்முகம்.

"சம்பளமா! ஒரு நியூஸுக்கு இவ்ளோன்னு தராங்கண்ணா. அதுவும் போட்டாத்தான்" என்று சிரித்தாள் அவள். "உங்க ஊர்லேந்து செல்லுல வந்த ஒரே படத்தத்தான் நா ரெண்டு எடத்துக்கும் அனுப்பினேன். தெலுங்கு டெஸ்க்ல ஆபீஸருங்களக் கேட்டாங்க. தமிழ் டெஸ்க்ல தண்ணியில நிக்கறவங்களக் கேட்டாங்க. யாரைக் கேக்கறமோ அவங்க குரல்தான் வரும். உங்கள யாருமே கேக்கல. அதான் நான் வந்துருக்கேன்."

"அப்ப ஒருதலப் பட்சம்னு ஒத்துக்கிறியா?" என்றார் திருமலை.

"சில நாளு எனக்கே அப்டித்தான் தோணுதுண்ணா. சில நாளு அவசரம்னு தோணுது. எது எதுன்னு எனக்கே தெரியல" என்றாள். அந்தப் பதில் யாருக்கும் பிடிக்கவில்லை. எனக்குப் பிடித்தது.

மைக்கைச் சிரஞ்சீவி முன்னால் நீட்டினாள். திருமலை அவன் வலது பக்கம் வந்து நின்றுகொண்டார். சண்முகம் இடது பக்கம் வந்து நின்றுகொண்டான். ரத்னம்மா அக்கா கொஞ்சம் தள்ளி, முந்தானையைத் தலைக்குப் போட்டுக்கொண்டு பஸ் ஸ்டாப் தூணில் சாய்ந்திருந்தாள். ஊருக்கெல்லாம் மைக்கில் பேசுகிறவன் அந்தச் சின்ன மைக்கைப் பார்த்ததும் லுங்கியில் கையைத் துடைத்துக்கொண்டான்.

"நா போனேங்க. எல்லா வீதிக்கும் போனேன். கீழ வீதிக்கும் போனேன்."

திருமலை தலையாட்டினார்.

"ஆனா யாருக்கும் கேக்கல. அவங்க தப்பு இல்ல. இந்தக் குரல நான் எலெக்ஷனுக்குக் குடுத்துட்டேன். அதுக்கப்பறம் நா எது சொன்னாலும் அது கட்சி சொல்ற மாதிரிதான் அவங்களுக்குக் கேக்குது. அன்னைக்கி நா ஆட்டோவ உட்டு எறங்கி ஒவ்வொரு வீட்டு வாசல்லயும் நின்னு சொல்லிருக்கணும். சொல்லல. அவ்ளோதாங்க."

திருமலையின் முகம் கறுத்துப்போனது. சண்முகத்துக்கு ஜெயித்தோமா தோற்றோமா என்று தெரியவில்லை. ரூபா கேமராவைக் கீழே இறக்கினாள்.

அப்போதுதான் ரத்னம்மா அக்கா தூணை விட்டு வந்தாள். நேரே அவன் முன்னால் நின்றாள்.

"ஏன்டா, நா தட்டு தட்டினத ஏன்டா சொல்லல?"

"உடு யக்கா."

"இன்னாத்த உடறது? நாந்தான் தட்டினேன், மொதல்ல. பசு கொட்டாயில கட்டிக் கெடக்குது, நா வாசல்ல நின்னு சிரிச்சிக்கினு தட்டறேன்." குரல் உடைந்தது. "ஏம்மா ரூபா, அதத் தூக்கு. நா சொல்றேன், எழுதிக்க."

ரூபா கேமராவைத் தூக்கினாள். அதற்குள் பத்து கை அதை மறைத்தது. முதல் கை சண்முகத்தினுடையது. அதற்குப் பக்கத்தில் இருந்த கை, நான் நம்பவில்லை, திருமலையினுடையது.

"வேணாம்மா, அத எடுக்காத."

"துக்கத்துல பேசுது, அது."

"இதப் போட்டா அதுக்கு ஒரு ரூபா வராது. போட்டுடாத தாயி."

ரூபா எங்களையெல்லாம் ஒரு சுற்று பார்த்தாள். "இப்பத்தான பாதிய மறைக்கறியான்னு எங்கிட்ட சண்டைக்கி வந்தீங்க?"

வெங்கடசாமி மாமாதான் டீ வடிகட்டியைத் தட்டிக்கொண்டே சொன்னார்: "அது கட்சி விசயம்மா. இது பசுமாட்டு விசயம்."

அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. எங்களுக்கும் வந்தது. ரத்னம்மா அக்காவுக்கு மட்டும் வரவில்லை. ரூபா அவள் கையைப் பிடித்துக்கொண்டு, "யக்கா, நீ சொன்னத நான் கேட்டுட்டேன். இது எங்கூடயே இருக்கட்டும்" என்றாள். கடையில் ஒரு டீ குடித்தாள். வெங்கடசாமி மாமா காசு வாங்கவில்லை. அவர் அப்படிச் செய்து நான் பார்த்தது அதுதான் முதல் தடவை.

நியூஸ் வந்தது. தெலுங்கிலும் தமிழிலும் சிரஞ்சீவி வந்தான். ரெண்டிலும் அதே பேச்சு, வெட்டாமல் வந்தது. அப்போதாவது சண்டை தீர்ந்திருக்க வேண்டும். தீரவில்லை. தெலுங்கில் அவன் முகத்தைச் சின்னதாகக் காட்டினார்கள், தமிழில் பெரிதாகக் காட்டினார்கள், இதில் என்ன அரசியல் என்று அடுத்த பேச்சு ஆரம்பமானது. நான் எழுந்து படுக்கப் போனேன்.

சச்சிவாலயத்தில் ரத்னம்மா அக்காவின் பெயரை எழுதிக்கொண்டு போனார்கள். வரும் என்கிறார்கள். சிரஞ்சீவியிடமிருந்து மைக் போனது. திருமலை அவனிடம் நேராகச் சொல்லவில்லை; பிச்சாட்டூரிலிருந்து வேறு ஆட்டோ வரும் என்று மட்டும் சேதி வந்தது. அவனும் கேட்கவில்லை. ஷேர் ஆட்டோ ஓட்டிக்கொண்டிருந்தான்.

மார்கழி பிறக்குமுன் இன்னொரு மழை பிடித்தது. டேம் மறுபடி நிரம்பியது. மத்தியானம் சச்சிவாலயத்திலிருந்து சிரஞ்சீவிக்குப் போன் வந்தது, கேட்டைத் திறக்கப்போகிறார்கள் என்று. பிச்சாட்டூர் ஆட்டோ பாதி வழியில் தரைப்பாலத்துக்கு அந்தப் பக்கம் மாட்டிக்கொண்டது. அவன் லுங்கியைத் தூக்கிக் கட்டிக்கொண்டு மழையில் இறங்கினான். மழையால் வேலை நின்று மறுபடி ஊருக்கு வந்திருந்த நானும் கூடப் போனேன். மேல வீதி அவன் குரலுக்கே வெளியே வந்தது. கீழ வீதி முனைக்கு வந்ததும் நின்றுவிட்டான்.

"மாமா, நீ கத்து. ஏங் குரல் இங்க வேலைக்கி ஆவாது."

நான் வாயைத் திறப்பதற்குள் டணடணவென்று தட்டுச் சத்தம் கேட்டது. மறுபடியுமா என்று நினைத்தேன்.

ரத்னம்மா அக்கா தலையில் ஒரு யூரியா சாக்கைக் கவிழ்த்துக்கொண்டு வீதி நடுவில் வந்துகொண்டிருந்தாள். ஒரு கையில் தட்டு, ஒரு கையில் கரண்டி. பின்னால் கயிற்றில் கன்று. தட்டுச் சத்தத்துக்குப் பழக்கப்பட்ட கீழ வீதிப் பொம்பளைகள் தங்கள் தங்கள் தட்டோடு வாசலுக்கு வந்து எட்டிப் பார்த்தார்கள்.

அவள் எங்கள் முன்னால் வந்து தட்டுவதை நிறுத்தினாள்.

"எல்லாம் வந்துட்டாளுங்க. இப்ப சொல்லுடா" என்றாள்.